சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி: எங்கிருந்து வந்தது, எங்கே சிக்கி நிற்கிறது?



அன்பின் பெற்றோர்களே, ஊர் உறவுகளே, பழைய மாணவர்களே,

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த கையோடு ஊரே படம் போடும். சோடித்த கூடாரம், அணிநடை, வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்த பிள்ளைகள். பார்க்கச் சந்தோசம்தான். அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க நாங்கள் வரவில்லை. ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாங்கள் சிலர் இருந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதிலிருந்துதான் இந்தப் பேச்சு தொடங்கியது.

ஒரு தரத்தில் 60 பிள்ளைகள் என்று வையுங்கள். 30 ஆண், 30 பெண். மூன்று இல்லங்கள். 50 மீற்றர் ஓட்டத்துக்கு ஓர் இல்லத்திலிருந்து இரண்டு ஆண், இரண்டு பெண் என்று எடுத்தால் மொத்தம் 12 பேர். அஞ்சலோட்டத்துக்கும் அநேகமாக அதே பிள்ளைகள்தான். தேசிக்காய் கரண்டி, சாக்கோட்டம், பணிஸ் சாப்பிடுதல் என்று இன்னும் கொஞ்சப் பேரைச் சேர்த்தாலும் பாதிப் பிள்ளைகள் கூடாரத்துக்குள் இருந்து கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். சரி, ஓடிய பிள்ளைக்காவது என்ன கிடைத்தது? 50 மீற்றரை ஓடி முடிக்க ஏறத்தாழ 10 செக்கன். பல பிள்ளைகளுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மெய்வல்லுநர் பாடம் அந்த 10 செக்கன்தான்.

இதை ஓர் அதிபரின் குற்றம் என்றோ ஓர் ஆசிரியரின் குற்றம் என்றோ சொல்ல முடியாது. ஓடவும் பாயவும் எறியவும் எல்லாப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுப்பது ஒரு வேலை. வேகமாக ஓடும் பிள்ளையைத் தெரிவுசெய்து மேடையில் ஏற்றுவது வேறொரு வேலை. இந்த இரண்டும் வேறு வேறு இடங்களில் பிறந்து வேறு வேறு வழியாக உலகத்தில் பரவின. நம் பாடசாலைகளுக்கு முதலில் வந்து சேர்ந்தது இரண்டாவதுதான். அந்தக் கதை தெரிந்தால்தான் இன்று ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியர் எங்கே தடுமாறுகிறார் என்பது விளங்கும்.

*எல்லாப் பிள்ளைக்கும் கற்பித்த ஒருவர்*

ஜேர்மனியில் ஷ்னெப்பென்தால் என்ற சின்னக் கிராமத்தில் 1784இல் ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது. அங்கே குட்ஸ்மூட்ஸ் என்ற ஆசிரியர் பல பத்தாண்டுகள் கற்பித்தார். மரநிழல் விழும் திறந்த வெளிதான் அவருடைய வகுப்பறை. ஓடுதல், பாய்தல், எறிதல், ஏறுதல், சமநிலையில் நிற்றல் எல்லாவற்றையும் படிப்படியாகப் பிரித்து, எழுத்தும் கணக்கும் போல அவற்றையும் பாடமாக்கினார். 1793இல் தன் முறையை ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார். பாடசாலை உடற்கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அவருடைய முறையில் திறமையான நாலு பேருக்கு என்று தனி இடம் இருக்கவில்லை. பாடசாலையில் படித்த எல்லோருக்கும் அது பாடம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இந்த இடத்துக்குத் திரும்பி வருவோம்.

*ட்ரில் வந்த வழி*

நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் "ட்ரில் மாஸ்டர்" என்று சொல்வார்கள். அந்தச் சொல் படைமுகாமிலிருந்து வந்தது. வரிசையில் நில், நிமிர், கையை உயர்த்து, காலை மாற்று. 1813இல் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் உடற்பயிற்சிக்கு ஒரு நிறுவனம் தொடங்கினார். அவருடைய சுவீடன் முறை உடற்பயிற்சி இங்கிலாந்துப் பாடசாலைகளுக்கும் போனது. நெருக்கமான வகுப்பறையில், வாங்குகளுக்கு நடுவிலும் செய்யக்கூடிய அசைவுகள் அவை. செலவும் இல்லை.

அந்த நேரத்தில் இங்கிலாந்துக்கு ஒரு பயம் வந்தது. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடந்த போவர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது ஏழைக் குடும்பத்து இளைஞர்கள் பலர் உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாட்டு மக்களின் உடல்நலம் பற்றி ஆராய ஒரு குழு போட்டார்கள். அது 1904இல் அறிக்கை கொடுத்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவு, வைத்தியப் பரிசோதனை, உடற்பயிற்சி என்ற மூன்றும் அந்தக் காலத்தில்தான் அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்தன. அதே 1904இல் இங்கிலாந்தின் கல்விச் சபை உடற்பயிற்சிக்கு ஒரு பாடத்திட்டம் வெளியிட்டது. 1909, 1919, 1933 என்று அதைத் திருத்திக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு திருத்தத்திலும் ட்ரில் குறைந்து விளையாட்டுக் கூடியது.

ஆங்கிலேயர் ஆண்ட நம் நாட்டுக்கு வந்த ட்ரில் மட்டும் அவ்வளவு இலேசாகப் போகவில்லை. விளையாட்டுப் போட்டி அன்று நடக்கும் உடற்பயிற்சிக் கண்காட்சியைப் பாருங்கள். விசில் ஊத, 200 பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையை உயர்த்துவார்கள். அதற்காக மூன்று கிழமை வெயிலில் பழக்குவோம். விருந்தினர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த மூன்று கிழமையில் ஒரு பிள்ளை ஒரு தடவையாவது பாய்ந்ததா, எறிந்ததா என்று கேட்டால் பதில் இல்லை.

*இல்லங்கள் வந்த வழி*

சிவப்பு, பச்சை, நீலம் என்ற இல்லங்கள் இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் பிறந்தவை. அங்கே "இல்லம்" என்றால் உண்மையிலேயே பிள்ளைகள் தங்கிப் படித்த வீடு. வீட்டுக்கு வீடு போட்டி போட்டார்கள். 1850இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் எக்ஸெற்றர் கல்லூரி மாணவர்கள் நடத்திய ஓட்டப் போட்டி, நவீன மெய்வல்லுநர் போட்டிகளின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. பிறகு அந்த வழக்கம் பாடசாலைகளுக்கும், அங்கிருந்து கப்பலேறி நம் நாட்டின் பெரிய ஆங்கிலப் பாடசாலைகளுக்கும் வந்தது.

வந்த இடத்தில் விடுதியும் இருந்தது, மைதானமும் இருந்தது. கண்டி திரித்துவக் கல்லூரி அஸ்கிரியவில் மலைச்சரிவை வெட்டி மைதானம் அமைத்த பாடசாலை. அங்கே படித்த டங்கன் வைட் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். நாடு சுதந்திரம் பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைக் கொண்டுவந்தார். அவருடைய பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

முஸ்லிம் சமூகத்துக்கும் அப்படி ஒரு வாசல் இருந்தது. 1892இல் மருதானையில் சிறிய மத்ரஸாவாகத் தொடங்கியது ஸாஹிராக் கல்லூரி. 1921இல் ரி.பி. ஜாயா அவர்கள் அதிபராக வந்த பிறகு அது நாடறிந்த பாடசாலையாக வளர்ந்தது. படிப்போடு விளையாட்டும் ஒரு முஸ்லிம் பிள்ளைக்கு வேண்டும் என்ற எண்ணம் நம் சமூகத்தில் பரவியதில் அதற்குப் பங்கு உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பாடசாலைகளில் இல்லப் போட்டி என்பது வருடம் முழுக்க நடக்கும் பயிற்சியின் கடைசி நாள். தினமும் பின்னேரம் மைதானம், அதற்கென்று பயிற்றுவிப்பாளர், விடுதிச் சாப்பாடு எல்லாம் அதற்குப் பின்னால் இருந்தன. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க 1920இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. கல்லூரி தொடங்கியபோது இலங்கையிலிருந்தும் ஆட்கள் போய்ப் படித்து வந்தார்கள். அப்படிப் பயின்றவர்கள் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் பெரிய பாடசாலைகளுக்கு. சின்ன ஊர்ப் பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்தது அந்தக் கடைசி நாள் மட்டும்தான். கூடாரமும் கொடியும் வந்தன. பின்னால் இருந்த வருடம் முழுக்கப் பயிற்சி வரவில்லை.

*இலவசக் கல்வி வந்தது, மைதானம் வரவில்லை*

சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் கல்வி இலவசமானது. கிராமத்துப் பிள்ளைக்கும் நல்ல பாடசாலை வேண்டும் என்று மத்திய கல்லூரிகள் கட்டப்பட்டன. மைதானமும் விடுதியும் அவற்றில் இருந்தன. அங்கே போவதற்கு ஏழைப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய வந்ததுதான் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. கிராமத்துப் பிள்ளையை மைதானமுள்ள பாடசாலைக்கு அனுப்பத் தொடங்கிய அதே பரீட்சை, இன்று அந்தப் பிள்ளையை மைதானத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது. தரம் 4 தொடங்கியதும் மாலை வகுப்பு. தரம் 5 என்றால் சனி, ஞாயிறும் இல்லை. "சேர், இந்த வருசம் மட்டும் இவன விளையாட்டுக்குச் சேர்க்காதீங்க" என்று வாப்பாமார் வந்து சொல்வது எங்களுக்குப் பழகிப்போன விசயம்.

பாடத்திட்டத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. ஆரம்பப் பிரிவுக்கு ஒன்றிணைந்த பாடத்திட்டம் 1972 சீர்திருத்தத்தோடு வந்தது. பின்னர் வந்த வடிவம் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999இல் நாடு முழுக்கத் தரம் 1க்கு வந்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றும் கலந்து கற்பிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல சிந்தனை. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று பாடங்கள் பிரிந்தன. உடல் விருத்தி இவற்றுக்குள் கலந்து போனது. தரம் 6க்குப் போனால்தான் சுகாதாரமும் உடற்கல்வியும் தனிப் பாடம், அதற்கென்று ஆசிரியர்.

அப்படியானால் தரம் 1 முதல் 5 வரை யார் கற்பிப்பது? வகுப்பாசிரியர்தான். தமிழும் அவர், கணக்கும் அவர், ஓட்டமும் அவர். ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் சிறுவர் உளவியலும் கற்பித்தல் முறையும் நிறையப் படித்தோம். ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்கு எறியக் கற்பிப்பது எப்படி என்று மைதானத்தில் இறங்கிப் பழகக் கிடைத்த நேரம் மிகக் குறைவு.

எறிதல் என்ன, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைப்பீர்கள். உங்கள் பிள்ளையிடம் ஒரு பந்தைக் கொடுத்துத் தூர எறியச் சொல்லுங்கள். வலக் கையால் எறியும் பல பிள்ளைகள் வலக் காலையே முன்னால் வைக்கும். உடம்பு திரும்பாது, பந்து காலடியில் விழும். இடக் காலை முன்வைத்து, பக்கவாட்டாக நின்று, இடுப்பைத் திருப்பி எறியக் காட்டிக்கொடுத்தால் தூரம் கூடும். பாய்வதும் இப்படித்தான். காலை நேராக நீட்டியபடி விழுகிற பிள்ளைக்கு முழங்கால் வலிக்கும், அடுத்த முறை பயப்படும். முழங்காலை மடித்து மெதுவாக இறங்கப் பழக்கினால் பயம் போகும். இவை தானாக வருவதில்லை. எழுத்துப் போலக் கற்பிக்க வேண்டியவை. 35 பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், ஒரே பந்து என்றால் ஒரு பிள்ளையின் முறை வரும்போது மணி அடித்துவிடும்.

*எங்கள் பக்கத்துச் சிக்கல்கள்*

பொதுவான சிக்கல்களோடு கிழக்குக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களுக்கென்றும் சில உண்டு. மறைக்காமல் சொல்கிறோம்.

முதலாவது இடம். எங்கள் ஊர்களில் வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் ஒட்டி நிற்கின்றன. பாடசாலைக்குப் பிள்ளைகள் கூடக் கூட வகுப்பறை வேண்டும். புதிய கட்டடம் எங்கே கட்டுவது? மைதானத்தின் ஓரத்தில்தான். அடுத்த கட்டடம் அடுத்த ஓரத்தில். அடிக்கல் வைக்கும்போது கை தட்டுகிறோம். அந்த அடிக்கல்லுக்குக் கீழே எத்தனை மீற்றர் ஓடுபாதை போனது என்று அளந்து பார்ப்பதில்லை.

இரண்டாவது காலநிலை. நவம்பர், டிசம்பரில் தொடங்கும் மழை ஜனவரியிலும் விடாது. மைதானம் குளம். தண்ணீர் வற்றும்போது பெப்ரவரி. நோன்பு ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னுக்கு நகர்ந்து, இப்போது பெப்ரவரி, மார்ச்சில் வருகிறது. மழைக்கும் நோன்புக்கும் நடுவில் கிடைக்கும் சில கிழமைக்குள் ஒரு முழு விளையாட்டுப் போட்டியை நடத்தி முடிக்கிறோம். அந்த அவசரத்தில் தெரிவுசெய்ய மட்டும்தான் நேரம் உண்டு, கற்பிக்க நேரமில்லை.

மூன்றாவது வயது. தரம் 1க்கு ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கிடையில் 11 மாதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு வருடம் பெரிதில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. மூத்த பிள்ளை உயரமாகவும் இருக்கும், முதலாவதாகவும் வரும். எல்லோரும் அதைத் தூக்கிப் பாராட்டுவோம். கடைசியாக வந்த இளைய பிள்ளை "எனக்கு ஓட ஏலாது" என்று தீர்மானித்துவிடும். உண்மையில் அந்தப் பிள்ளைக்கு ஏலும். வளர இன்னும் சில மாதம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

நான்காவது பெண்பிள்ளைகள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெண்கள் ஓடினால் தாங்காது என்ற பேச்சு நம் சமூகத்தில் மட்டும் இருந்ததில்லை. 1928 அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்களுக்கு மெய்வல்லுநர் போட்டி வைத்தார்கள். 800 மீற்றர் ஓடிய பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதாக எழுத, அந்தப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். திரும்ப வந்தது 1960இல். 32 வருடம் அந்த ஒரு பேச்சு பெண்களைத் தடுத்து வைத்திருந்தது. பிறகு முஸ்லிம் நாடுகளிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். 1984இல் மொரோக்கோவின் நவால் அல் முதவக்கில் 400 மீற்றர் சட்டவேலியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2006 டோஹா ஆசிய விளையாட்டில் பஹ்ரைனின் ருகையா அல் கஸரா தலையை மூடிய ஹிஜாப் உடையோடு 200 மீற்றரில் தங்கம் வென்றார். நம் நாட்டில் கேகாலை மாவட்டத்தின் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடினார். அன்று வெண்கலம். முதலாவதாக வந்தவர் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டதால் பின்னர் அது வெள்ளியானது. இலங்கை இதுவரை வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டு. இரண்டுமே ஓட்டத்தில் வந்தவை.

மார்க்கத்தைச் சொல்லி ஓட்டத்தை நிறுத்துவதற்கு முன்னர், நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியையும் நினைவில் கொள்வோம். ஜும்ஆவில் நாம் எல்லோரும் கேட்ட செய்திதான்.

ஆனால் பெற்றோரின் தயக்கத்தை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் கூட்டம், ஓடும் பிள்ளையைப் படமெடுத்து முகநூலில் போடும் கைகள், அதற்குக் கீழே வரும் கருத்துகள். இவற்றைப் பார்த்துத்தான் ஓர் உம்மா தன் மகளை நிறுத்துகிறார். களத்தில் இறங்கிச் செய்துகாட்டும் ஆசிரியையையும் இதே கண்கள்தான் பார்க்கின்றன. ஆரம்பப் பிரிவில் கற்பிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். அவர்கள் செய்துகாட்டத் தயங்கினால் பிள்ளைகளுக்கு யார் காட்டுவது?

தரம் 5 முடிந்ததும் "பெரிய பிள்ளையாகப் போறா" என்று நிறுத்திவிடுகிறோம். அப்படியென்றால் எங்கள் ஊரில் பல பெண்பிள்ளைகளுக்கு வாழ்நாளில் ஓடக் கிடைக்கும் காலம் இந்த ஐந்து வருடம்தான். அதிலும் தெரிவுசெய்யப்படாத பிள்ளைக்கு அதுவும் இல்லை. கிளினிக் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி என்று வரிசையில் இருப்பவர்களில் எத்தனை பேர் எங்கள் உம்மாமார், ராத்தாமார்! உடம்பை அசைப்பது சந்தோசம் என்று சின்ன வயதில் அறியாத ஒருவரிடம் 40 வயதில் "தினமும் நடங்க" என்று டொக்டர் சொன்னால் நடப்பது கஷ்டம்.

*பழைய முறை புதிய பெயரோடு வந்தது*

இனி நல்ல செய்தி. 2001இல் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் ஒரு குழுவை நியமித்தது. பெரியவர்களின் போட்டியைச் சிறிதாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது சரியில்லை, பிள்ளைகளுக்கென்றே ஒரு முறை வேண்டும் என்று அந்தக் குழு வேலை செய்தது. அப்படிப் பிறந்ததுதான் சிறுவர் மெய்வல்லுநர் விளையாட்டு. எல்லாப் பிள்ளைக்கும் கற்பித்த குட்ஸ்மூட்ஸின் எண்ணம் இருநூறு வருடம் கழித்து மீண்டும் வந்தது என்று சொல்லலாம்.

அதில் தனியாள் வெற்றி இல்லை. ஆணும் பெண்ணும் கலந்த அணிதான். உதாரணத்துக்குத் தவளைப் பாய்ச்சல். முதலாவது பிள்ளை நின்ற இடத்திலிருந்து பாயும். அது விழுந்த இடத்தில் கோடு போட்டு, அங்கிருந்து இரண்டாவது பிள்ளை பாயும். இப்படி எல்லோரும் பாய்ந்து முடித்தால் மொத்தத் தூரம்தான் அணியின் தூரம். மெலிந்த பிள்ளை பாய்ந்த ஓரடியும் கணக்கில் சேரும். எட்டு நிமிட ஓட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிள்ளைக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். கடைசியில் அணியின் அட்டைகளை எண்ணுவார்கள். மெதுவாக ஓடிய பிள்ளையின் கையிலும் அட்டை இருக்கும். ஏணி ஓட்டம், குறுக்கே கெந்துதல், மென்மையான ஈட்டி எறிதல் என்று இன்னும் பல. ஒரே நேரத்தில் பல பிள்ளைகள் இயங்குவார்கள். யாரும் வரிசையில் காய வேண்டியதில்லை.

பாருங்கள், இவை நமக்குப் புதியவையா? கெந்தி விளையாடினோம். கிளித்தட்டு மறித்தோம். கிட்டிப்புள் அடித்தோம். கிளித்தட்டில் திடீரென்று திரும்பி ஓடப் பழகிய பிள்ளைக்கு எந்தப் பயிற்றுவிப்பாளரும் தேவைப்படவில்லை. தெருவில் வாகனம் கூடி, கையில் போன் வந்து, அந்த விளையாட்டுகள் மறைந்த பிறகுதான் பாடசாலை அதைக் கற்பிக்க வேண்டி வந்தது.

சிறுவர் மெய்வல்லுநர் விளையாட்டு நம் நாட்டு ஆரம்பப் பிரிவுக்கும் வந்திருக்கிறது. போட்டிகளும் நடக்கின்றன. ஆனால் பழைய பழக்கம் இலேசில் விடுமா? போட்டி என்றதும் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி ஓர் அணி எடுத்து, அந்த அணிக்கு மட்டும் இரண்டு கிழமை பயிற்சி கொடுப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. எல்லோருக்குமென்று உருவான முறையையும் தெரிவாக மாற்றிவிட்டோம். மீதிப் பிள்ளைகள் மீண்டும் கூடாரத்துக்குள்.

*நாம் செய்யக்கூடியவை*

கட்டடமோ கோடிப் பணமோ இல்லாமல் நம்மால் ஆகக்கூடியவற்றை மட்டும் சொல்கிறோம்.

1. அடுத்த இல்லப் போட்டியில் ஆரம்பப் பிரிவுக்குக் குறைந்தது ஒரு நிகழ்ச்சியாவது எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து செய்வதாக இருக்கட்டும். தவளைப் பாய்ச்சல் போதும். இல்லத்தின் மொத்தத் தூரத்துக்குப் புள்ளி கொடுப்போம். பாயாத பிள்ளை என்று ஒன்றும் இருக்காது.

2. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னக் கொப்பி. தவணைத் தொடக்கத்தில் எவ்வளவு தூரம் பாய்ந்தது, தவணை முடிவில் எவ்வளவு என்று எழுதுவோம். பிள்ளை தன்னுடைய பழைய தூரத்தோடுதான் போட்டி போடும். இளைய பிள்ளைக்கும் மூத்த பிள்ளைக்கும் இது நியாயம். அளந்து எழுதும்போது கணிதப் பாடமும் சேர்ந்து நடக்கும்.

3. கிழமைக்கு இரண்டு நாள், காலை வெயில் ஏற முன்னர், 20 நிமிடம். தரம் 5க்கும்தான். சட்டையில் மண் படும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த 20 நிமிடத்தால் எந்தப் பிள்ளையும் வெட்டுப்புள்ளியைத் தவறவிடப் போவதில்லை. ஓடிவிட்டு வந்த பிள்ளை வகுப்பில் தூங்காது என்பது எங்கள் அனுபவம்.

4. பொருட்கள். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தல், பழைய சைக்கிள் டயர், தும்புக்கயிறு, பழந்துணியைச் சுற்றித் தைத்த பந்து. வீட்டுக்கு ஒன்று தந்தாலே ஒரு வகுப்புக்குப் போதும். கூடாரச் சோடனைக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாமா என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் யோசிக்க வேண்டும்.

5. பெண்பிள்ளைகளுக்கு நீளக் காற்சட்டை, நீளக் கை வைத்த ரீசேர்ட், சின்ன ஸ்கார்ப். ஆசிரியை பழக்குவார். அந்த நேரத்தில் வெளியாட்கள் மைதானத்துக்கு வரக்கூடாது, போனில் படம் எடுக்கக்கூடாது என்று ஊர் ஒரு முடிவு எடுத்தால் பாதித் தயக்கம் அன்றே தீரும். இதைப் பாடசாலை தனியாகச் செய்ய முடியாது, பள்ளிவாசல் நிருவாகமும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

6. அடுத்த முறை புதிய கட்டடம் பற்றிப் பேச்சு வந்தால், மைதானத்தில் கைவைக்காமல் பழைய கட்டடத்துக்கு மேல் மாடியாகக் கட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள். போன மைதானம் திரும்பி வந்த கதை எங்கள் ஊரில் இல்லை. கடற்கரை பக்கத்தில் உள்ள பாடசாலைகள் காலையில் பிள்ளைகளை மணலுக்குக் கூட்டிச் செல்ல, இரண்டு மூன்று பெற்றோர் துணைக்கு வந்தால் போதும். பாயப் பழகுவதற்கு மணலைவிட நல்ல இடம் இல்லை.

வேகமான பிள்ளையை நாங்கள் மறக்கச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை வலயத்துக்குப் போகட்டும், பின்னாளில் சேர் ஜோன் டார்பட் போட்டிக்கும் போகட்டும். ஆனால் எல்லோரும் ஓடினால்தான் உண்மையில் யார் ஓடக்கூடியவர் என்பதே தெரியவரும். இன்று கூடாரத்துக்குள் இருக்கும் அந்தப் பாதிப் பேரில் யார் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வழக்கமாக "என் பிள்ளை எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதோடு இன்னுமொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "என் பிள்ளை இந்தத் தவணையில் எத்தனை தடவை ஓடியது, பாய்ந்தது, எறிந்தது?" எல்லா உம்மாவும் வாப்பாவும் இதைக் கேட்கத் தொடங்கினால், பதில் சொல்லும் கடமை எங்களுக்கு வந்துவிடும். அந்தக் கடமையை நாங்கள் விரும்பியே ஏற்றுக்கொள்கிறோம்.

உங்கள் பாடசாலையில் இதில் ஏதாவது ஏற்கெனவே நடக்கிறதென்றால் எப்படிச் செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும்.

வஸ்ஸலாம்.